கொம்புக்கு வர்ணம் பூசிய வண்டி

கண்ணு,

அம்மா எழுதுகிறேன். தினமும் ஃபோனில் பேசுகிறவள் எதற்குக் காகிதத்தை எடுத்தாள் என்று பதறாதே. இங்கே எல்லோரும் நன்றாகத்தான் இருக்கிறோம். எனக்கு மட்டும் வயிறு எரிகிறது, அது மருந்துக்கு அடங்குகிற எரிச்சல் இல்லை. ஃபோனில் சொல்லலாமென்றால், நான் இரண்டு வார்த்தை பேசுவதற்குள் "சரிம்மா, மீட்டிங் இருக்கு" என்று வைத்துவிடுவாய். காகிதத்தில் குறுக்கே பேச முடியாது. வைகாசியில் உனக்குக் கல்யாணம். அதற்குப் பிறகு நான் எதைச் சொன்னாலும் மாமியார் பேச்சு என்றாகிவிடும். அதனால் இப்போதே சொல்லிவிடுகிறேன். நம் கொட்டகையில் நிற்கிறதே, பைக் மாதிரி ஏறி உட்கார்ந்து ஓட்டுகிற ஒரு நாலு சக்கர வண்டி, அதைக் கண்டால் எனக்கு ஆகாது. ஊர்ப் பிள்ளைகள் அதைத் தவளை வண்டி என்கிறார்கள், நீ ஏடிவி என்கிறாய். நான் மனசுக்குள் வைத்திருக்கும் பெயர் சக்களத்தி.

உனக்கு மீசை அரும்பியதிலிருந்து நீயும் உன் அப்பாவும் நேருக்கு நேர் பேசிக்கொண்டதில்லை. சண்டை ஒன்றும் கிடையாது. நம் பக்கம் முக்கால்வாசி வீடுகளில் அப்படித்தான். அப்பன் ஒரு மூலை, மகன் ஒரு மூலை, நடுவில் ஒருத்தி. ஒரே அறையில் இருவரும் சாப்பிட்டுக்கொண்டிருப்பீர்கள். "காலேஜ் பஸ்ஸுக்குப் பாஸ் எடுக்கணும், அப்பாகிட்ட சொல்லும்மா" என்பாய். அவர் காதில் நன்றாக விழுந்திருக்கும். ஆனாலும் நான் ஒருமுறை சொன்னால்தான் அவர் தலை நிமிரும். "நாளைக்குக் காலைல எந்திரிக்கச் சொல்லு, கூட்டிக்கிட்டுப் போறேன்" என்பார், சுவரைப் பார்த்து. அதை உன்னிடம் நான் சொல்லுவேன். அந்த வேலையை நான் எவ்வளவு நன்றாகச் செய்தேன் என்று உங்கள் இருவருக்குமே தெரியாது. "அந்தத் தண்டச்சோறு எங்க சுத்திட்டு வருது?" என்று அவர் கேட்டால், "அப்பா உன்னத் தேடுனாரு சாமி" என்று உன்னிடம் வந்து சேரும். "அந்த மனுசனுக்கு ஒண்ணும் புரியாது" என்று நீ சொன்னால், "உங்களை எதுக்குச் செரமப்படுத்தணும்னு பார்க்கறான்" என்று அவரிடம் போய்ச் சேரும். நீ ஓசூர் கம்பெனிக்கு வேலைக்குப் போன பிறகும் அப்படித்தான் ஓடியது. சாயங்காலமானால் என் ஃபோன்தான் அடிக்கும். உன் அப்பா பக்கத்தில் வந்து கயிறு திரிப்பது மாதிரி ஏதாவது செய்துகொண்டு உட்காருவார். உங்கள் இருவருக்கும் நான் வேண்டியிருந்தேன். அது எனக்கு எவ்வளவு பிடித்திருந்தது என்பது அது போன பிறகுதான் தெரிந்தது.

அப்புறம்தான் இவள் வந்தாள். கர்நாடகா பக்கம் ஏதோ எஸ்டேட்டில் ஓடிக்கொண்டிருந்த பழசைக் குறைந்த விலைக்கு வாங்கி, பிக்கப்பில் ஏற்றி, தார்ப்பாய் போட்டு மூடிக் கொண்டுவந்து இறக்கினாய். சினிமா ஷூட்டிங்குக்குச் சாமான் வந்திருக்கிறது என்று பாதி ஊர் கூடிவிட்டது. "ரோட்ல ஓட்டக் கூடாதும்மா, காட்டுக்குள்ள மட்டும்தான்" என்றாய். ரோட்டில் ஓட்டக்கூடாத வண்டி எதற்கு என்று உன் அப்பா என்னைக் கேட்டார். நான் உன்னைக் கேட்டேன். நீ சொன்ன நியாயம் சரிதான், அதை மறுக்கவில்லை. நம் மேட்டுக்காட்டுக்கு டிராக்டர் ஏறாது. மேலே விளைகிற தக்காளியைப் பிளாஸ்டிக் கிரேடுகளில் நிரப்பி, ஒவ்வொன்றாகத் தலையில் வைத்து, கல்லும் முள்ளுமாக இருக்கும் அந்தச் சரிவில் இறங்கி, ஓடையைத் தாண்டி, ரோட்டுக்குக் கொண்டுவந்தால்தான் பாலக்கோடு மண்டிக்குப் போகிற பிக்கப்பில் ஏற்ற முடியும். கூலிக்கு ஆள் கூப்பிட்டால் அந்தச் சரிவைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போகிறார்கள். ஆனாலும் உன் அப்பா அந்த வண்டிப் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நல்லதாய்ப் போயிற்று என்று நானும் இருந்தேன்.

முதல் மழையில் கெட்டது காரியம். தக்காளி ஏற்றிய பிக்கப் ஓடைக்கரைச் சேற்றில் புதைந்து நின்றது ஞாபகம் இருக்கிறதா? நீ வண்டியைக் கொண்டுபோய் நிறுத்தி, அதன் மூக்கில் மாட்டியிருக்கிற, கயிறு சுற்றி இழுக்கிற விஞ்ச்சிலிருந்து கயிற்றை இழுத்துப் பிக்கப்பில் மாட்டினாய். உன் வண்டி முன்னால் இழுபட்டுப் போகாமல் பிடித்துக்கொள்ள அதன் வாலைப் புளியமரத்தோடு பட்டையால் கட்டப் போனாய். உன் அப்பாவும் நானும் ஆளுக்கொரு குடை பிடித்துக்கொண்டு நின்றோம். அவர் வாய் திறக்கப் போகிறார் என்று எனக்குத் தெரிந்தது. "அவங்கிட்டச் சொல்லு" என்று ஆரம்பிப்பார், நான் உன்னிடம் கத்தலாம் என்று மூச்சை இழுத்துக்கொண்டு நின்றேன். அவர் குடையை என் கையில் கொடுத்துவிட்டு மழைக்குள் இறங்கினார். "டேய், மேல கட்டாத. மரம் ஆடும். அடிமரத்துல கட்டு" என்றார். நீ திரும்பிப் பார்த்து, "சரிப்பா" என்றாய். அவ்வளவுதான். பிக்கப் மேலே ஏறியது, எல்லோரும் கை தட்டினார்கள், நீங்கள் இருவரும் சேற்றோடு சிரித்துக்கொண்டு நின்றீர்கள். நான் இரண்டு குடையைப் பிடித்துக்கொண்டு, இழுத்த மூச்சை எங்கே விடுவது என்று தெரியாமல் நின்றேன்.

அன்றோடு என் உத்தியோகம் போயிற்று. சாயங்கால ஃபோன் அவர் நம்பருக்குப் போக ஆரம்பித்தது. எனக்கு மிஞ்சியது "சாப்ட்டியாம்மா? சரி, அப்பாகிட்டக் குடு." அவர் ஃபோனை எடுத்துக்கொண்டு கொட்டகைக்குப் போய்விடுவார், சக்கரத்தை உனக்கு வீடியோவில் காட்டுவதற்கு. என்ன பேச்சு, எவ்வளவு பேச்சு! மருந்து அடிக்கிற டேங்க்கைப் பின்னால் வைத்தால் மேடு ஏறும்போது முன்சக்கரம் தூக்குமா, டயரில் காற்றைக் குறைத்தால் கல்லில் பிடிக்குமா, அடியில் தகடு போட்டால் ஓடைக் கல் இடிக்காதா. நீ வண்டியை இன்னும் உயரமாகத் தூக்க வேண்டும், தண்ணீருக்குள் போக மூச்சுக்குழாய் வைக்க வேண்டும் என்பாய். அவர் கிரேடு வைக்கிற தட்டை இன்னும் அகலமாக்க வேண்டும், இழுவை வண்டி மாட்டக் கொக்கி வேண்டும் என்பார். பிறந்ததிலிருந்து பேசாததையெல்லாம் சேர்த்துவைத்துப் பேசுகிற மாதிரி பேசினீர்கள். என் கிரைண்டர் கரகரவென்று கத்துகிறது என்று நான் தீபாவளியிலிருந்து சொல்கிறேன், அது அவர் காதில் விழவில்லை. அந்த வண்டியின் பேரிங் லேசாக முனகினால் வாசலில் இருந்தே கேட்டுவிடுகிறது. சமையலறையில் ஒரு பலகை அடித்துத் தாருங்கள் என்று கேட்டு எனக்கு வாய் வலித்ததுதான் மிச்சம். அந்த வண்டிக்கு மட்டும் வெல்டிங் பட்டறையில் பழியாய்க் கிடந்து, கம்பி வளைத்து, பெட்டி செய்து, பெட்டிக்குள் வைக்கிற ஸ்பானர் கீறாமல் இருக்க உள்ளே ரப்பர் ஒட்டினார். ஒருநாள் வெயில் நன்றாக விழுகிறதே என்று அந்தத் தட்டின்மேல் வடகம் பிழிந்து காயவைத்தேன். "ரேக்குல வடகமா? உனக்கு மண்டைல ஏதாச்சும் இருக்குதா புள்ள?" என்று அத்தனையையும் துணியோடு தூக்கிக் கூரைமேல் போட்டார். காக்கைதான் தின்றது.

அதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொண்டேன். மேட்டுக்காட்டில் களையெடுத்த அன்று நடந்ததைத்தான் மறக்க மாட்டேன். நீ ஓட்ட, அவர் பின்னால் உட்கார, வண்டியில் அதற்குமேல் இடமில்லை. "அம்மா, சோத்துக்கூடையைக் குடு, நாங்க எடுத்துக்கிட்டுப் போறோம். நீ மெதுவா நடந்து வா" என்றாய், ரொம்பக் கரிசனமாக. கூடை வண்டியில் போயிற்று. கூடையில் இருந்த களியைக் கிண்டியவள் நடந்து போனாள். நான் மேலே வந்து சேரும்போது நீங்கள் இருவரும் சாப்பிட்டு முடித்து, வண்டியைக் குனிந்து பார்த்தபடி எதையோ திருகிக்கொண்டிருந்தீர்கள். கோபத்தில் நான் அன்றைக்குச் சாப்பிடவில்லை. அதுவும் உங்களுக்குத் தெரியாது.

இனிப் பொங்கலன்று நடந்த கதைக்கு வருகிறேன். கறவை மாடு என் பொறுப்பு, காளைகளை விற்ற பிறகு மாட்டுப் பொங்கலன்று உன் அப்பாவுக்கு வேலை ஒன்றும் இருக்காது. எல்லார் வீட்டு மாட்டையும் பார்த்துவிட்டு வந்து படுத்துக்கொள்வார். இந்த வருஷம் காலையிலேயே காணோம். கொட்டகையில் போய்ப் பார்த்தால், வண்டியைக் கழுவித் துடைத்து, மாலை போட்டு, சந்தனம் குங்குமம் வைத்து, அதற்கு முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தார். நீ ஓசூரில் செய்து வாங்கிவந்து மாட்டினாயே, இரண்டு பக்கமும் மேலே வளைந்து நிற்கும் கறுப்புப் பம்பர், அதன் ஒரு முனைக்குச் சிவப்பும் இன்னொரு முனைக்கு நீலமும் அடித்துக்கொண்டிருந்தார். கொம்புக்கு அடிக்கிற அதே வர்ணம். கை நடுங்கக் கூடாதென்று மூச்சைப் பிடித்துக்கொண்டு, கோடு வெளியே போகாமல், நுனியில் மஞ்சள் பொட்டு வைத்தார். "நல்லாருக்குதா?" என்று என்னைக் கேட்டார். எனக்கு அப்போது என்ன தோன்றியது தெரியுமா? கட்டிக்கொண்டு வந்த நாளிலிருந்து இந்த மனுஷன் எனக்கு ஒரு நகப்பூச்சு வாங்கித் தந்ததில்லையே என்றுதான் தோன்றியது. "பரவால்ல" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டேன்.

மத்தியானம் நீ உன் ஓசூர் நண்பர்களோடு வந்து இறங்கினாய். அவர்கள் வண்டியைச் சுற்றிவந்து சிரித்தார்கள், ஃபோட்டோ எடுத்தார்கள். ஒருவன் அதன் முன்னால் நின்று மாடு மாதிரி கத்தினான். உன் முகம் போன போக்கை நான் பார்த்தேன். "உங்களுக்கு என்னப்பா தெரியும்? பவுடர் கோட்டிங்ப்பா இது! மாடா இது, கொம்புக்குப் பெயின்ட் அடிக்க?" என்று எல்லார் முன்னாலும் கேட்டுவிட்டு, தின்னரும் பிளேடும் கொண்டுவந்து, அவர் கண்ணெதிரே சுரண்டினாய். சுரண்டின வேகத்தில் உன் கறுப்புப் பூச்சும் சேர்ந்து வந்துவிட்டது. அவர் தோளில் கிடந்த துண்டை உதறிப் போட்டுக்கொண்டு காட்டுப்பக்கம் நடந்துவிட்டார். உன் நண்பர்களுக்குத் தெரியாதது உனக்குமா தெரியாது? அவர் எந்தச் சாமானுக்கும் கொம்பு வர்ணம் அடிக்கிறவர் இல்லை. நம் வீட்டுக்கு உழைக்கிற உயிருக்கு மட்டும்தான் அதை அடிப்பார். உன் வண்டியை அவர் அந்த வரிசையில் சேர்த்தார். அதைக் கண்டு எரிந்துபோனவள் சொல்கிறேன், நீ நம்பலாம்.

நீ அன்றே ஓசூருக்குத் திரும்பிவிட்டாய். அடுத்த நாள் சாயங்காலம் என் ஃபோன் அடித்தது. பொய் சொல்ல மாட்டேன், சந்தோஷமாக இருந்தது. "அப்பாகிட்டச் சொல்லும்மா, பேட்டரி இறங்கிடும், அப்பப்ப ஸ்டார்ட் பண்ணிவிடச் சொல்லு" என்றாய். "அவன் வண்டியை அவனையே வந்து எடுத்துக்கிட்டுப் போகச் சொல்லு" என்றார் இவர், சுவரைப் பார்த்து. பழையபடி எல்லாம் என் வழியாகத்தான் போயாக வேண்டும். உன் அப்பா பக்கத்தில் வந்து உட்கார்ந்தார், நீ என்னோடு கூடுதலாகப் பேசினாய், கல்யாணப் பத்திரிகையில் யார் பெயர் முன்னால் வரவேண்டும் என்பதுவரை என்னைத்தான் கேட்டாய். சக்களத்தி கொட்டகையில் தூசி படிந்து நின்றாள். போன வாரம் நீயே சொன்னாய்: "அப்பாகிட்டச் சொல்லிடும்மா, ஒகேனக்கல் பக்கம் ஒரு ரிசார்ட்காரங்க வண்டியைக் கேக்கறாங்க. ஞாயித்துக்கிழமை வந்து ஏத்திக்கிட்டுப் போவாங்க." நான் அந்த ஒரு வார்த்தையை அவரிடம் சொன்னால் போதும். "ஏத்திக்கிட்டுப் போகட்டும்" என்று வீம்புக்குச் சொல்லிவிடுவார். வண்டி போய்விடும். அதற்குப் பிறகு நீங்கள் இருவரும் பேசிக்கொள்ள இந்த உலகத்தில் ஒரு விஷயமும் இருக்காது. சாகிறவரை உங்கள் நடுவில் நான்தான். என் வாயில் இருந்தது அவ்வளவு பெரிய வரம்.

சொல்லலாம் என்றுதான் நேற்றுக் காலை மேட்டுக்காட்டுக்குப் போனேன். தக்காளி பறித்து அடுக்கி வைத்திருந்தது. உன் அப்பா தலையில் சும்மாடு வைத்து, கிரேடைத் தூக்கிக்கொண்டு, வலிக்கிற முட்டியோடு சரிவில் பக்கவாட்டாக இறங்கிக்கொண்டிருந்தார். வண்டியைத் தொடமாட்டாராம், ரோஷம். அவரைப் பார்த்துக்கொண்டே நின்றேன். இன்னொன்றும் எனக்குத் தெரியும். தினமும் விடிந்ததும் நான் பால் கறக்கப் போன பிறகு அவர் கொட்டகைக்குப் போய் வண்டியை ஸ்டார்ட் செய்து, கொஞ்ச நேரம் உறுமவிட்டு அணைக்கிறார். நீ சுரண்டி வெளியே தெரிகிற இரும்பு துருப்பிடிக்கக் கூடாதென்று அதற்குத் தேங்காய் எண்ணெய் தடவுகிறார். என் முட்டிக்குத் தைலம் தேய்த்துவிட இதுவரை அவருக்கு நேரம் கிடைத்ததில்லை. எனக்கு எப்படி இருக்கும் சொல்? ஆனால் எண்ணெய் தடவுகிற மனுஷனைப் பார்த்த பிறகு, ரிசார்ட்காரன் வரப்போகிறான் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அவர் மேலே வருவதற்குள் நான் வீட்டுக்குப் போய்ச் சாவியை எடுத்தேன்.

என்னால் முடியாதென்று நினைக்கிறாயா? பால் சொசைட்டிக்கு மொபெட்டில் போய் வருகிறவள் நான். அதோடு, உங்கள் பேச்சையெல்லாம் அடுப்படியிலிருந்து ஒரு வார்த்தை விடாமல் கேட்டவள். ஆக்ஸிலேட்டரைக் கட்டைவிரலால்தான் அழுத்த வேண்டும், சரிவில் லோ கியர் போட வேண்டும், பட்டனைத் தட்டினால் நாலு சக்கரமும் சேர்ந்து இழுக்கும், சாய்கிற பக்கம் உட்காராமல் மேட்டுப் பக்கம் சாய வேண்டும். எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை, பொறாமைதான் சொல்லித்தந்தது. முதலில் வண்டி ஒரு குதி குதித்துக் கொட்டகைத் தட்டியைப் பிய்த்துக்கொண்டுதான் வெளியே வந்தது. அப்புறம் சரியாகிவிட்டது. ஓடையைத் தாண்டி மேலே ஏறிப் போய் நிறுத்தினேன். பின்னால் மூன்று கிரேடு, முன்னால் ஒன்று வைத்துக் கட்டினேன். இறங்கும்போது உன் அப்பா எதிரே வந்தார். சும்மாடு தலையிலேயே இருந்தது, வாய் பிளந்திருந்தது.

"ஏ புள்ள! லோ போடு, லோ போடு!" என்று கத்தினார்.

"போட்டாச்சுங்க" என்றேன்.

"பிரேக்க மெதுவாப் புடி!"

"தெரியும், நீங்க ஒதுங்குங்க."

அவர் ஒதுங்கவில்லை. வண்டிக்குக் குறுக்கே ஒரு பெரிய கல் கிடந்ததை உருட்டித் தள்ளிவிட்டு, ரோடு வரைக்கும் பக்கத்திலேயே ஓடி வந்தார். பிக்கப்பில் ஏற்றி முடித்ததும் குனிந்து பின்சக்கரத்தை ஆட்டிப் பார்த்தார். பொங்கலுக்குப் பிறகு அவர் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தை நான் பார்க்கவில்லை. "பின்னால சத்தம் வருது. பேரிங்தான். அவங்கிட்டச் சொல்லு" என்றார்.

அந்த வார்த்தைக்காக நான் எத்தனை நாள் ஏங்கியிருக்கிறேன்! நேற்று அது வந்தது. நான் வண்டியின் மேலேயே உட்கார்ந்துகொண்டு, "நீங்களே சொல்லுங்க" என்றேன். அவர் என்னை முறைத்தார். நானும் முறைத்தேன். திரும்பி வரும்போது என் பின்னால் உட்கார்ந்துதான் வந்தார்.

ஆக, ரிசார்ட் விஷயத்தை நான் அவரிடம் சொல்லவில்லை, சொல்லவும் மாட்டேன். இந்த உத்தியோகத்தை ஒரு வண்டி வந்து என்னிடமிருந்து பிடுங்கியது எனக்குப் பொறுக்கவில்லை. ஆனால் நானே விட்டுவிட்டு எழுந்திருப்பது என்பது வேறு. நாளைக்கு உன் கையைப் பிடித்துக்கொண்டு ஒருத்தி இந்த வீட்டுக்கு வரப்போகிறாள். நான் எழுந்த இடத்தில் அவளை உட்காரவைத்துவிடாதே. உன் அப்பாவிடம் பேச வேண்டியதை நீயே பேசு, என்னிடம் பேச வேண்டியதையும் நீயே பேசு. அந்த நடுவிடம் உட்கார்ந்திருக்கும்வரை சுகமாகத்தான் இருக்கும். ஆனால் அங்கே உட்கார்ந்திருக்கிறவளோடு யாரும் பேசமாட்டார்கள், அவள் வழியாகத்தான் பேசுவார்கள். எனக்கு இது இவ்வளவு வயதாகித்தான் புரிந்தது. அவள் சின்னப் பெண், அவளுக்கு இந்த வயிற்றெரிச்சல் வேண்டாம்.

இதை ஓசூர் பஸ் கண்டக்டரிடம், நம் ஊர்ப் பையன்தான், கொடுத்தனுப்புகிறேன். ஞாயிற்றுக்கிழமைக்கு முன்னால் உன் கைக்கு வந்துவிடும். கொட்டகைப் பரணில் கொம்பு வர்ணம் சிவப்பிலும் நீலத்திலும் மிச்சம் இருக்கிறது, அசைத்துப் பார்த்தேன், இன்னும் காயவில்லை. அதை என்ன செய்வதென்று நீயே யோசி. படித்து முடித்ததும் என் நம்பருக்குக் கூப்பிடாதே, அவர் நம்பருக்குக் கூப்பிடு. பேரிங்கைப் பற்றி நீயாக ஆரம்பித்தால் நான் சொன்னதாக ஆகிவிடும். "வண்டி எப்படிப்பா இருக்கு?" என்று மட்டும் கேள். அவர் ஃபோனை எடுத்துக்கொண்டு கொட்டகைக்குப் போய்விடுவார். வர நேரமாகும். நான் அடுப்படியில் உட்கார்ந்து, ஒரு வார்த்தை விடாமல் கேட்டுக்கொண்டு, வயிறு எரிந்துகொண்டிருப்பேன்.

எல்லாம் பேசி முடித்த பிறகு எனக்கும் ஒரு ஃபோன் போடு. சாப்பிட்டாயா என்று கேட்காதே. அந்தச் சரிவில் எப்படியம்மா இறக்கினாய் என்று கேள்.

அம்மா